பூசணிக்காயோடு மலையேறியது

என் மாமியாரை ஒருமுறை நான் கல்வராயன் மலையில் தொலைத்துவிட்டேன். ஆளைத் தொலைப்பவர்கள் உலகத்தில் நிறைய உண்டு. தேர்த்திருவிழாவில் பிள்ளையைத் தொலைப்பார்கள், ரயில் நிலையத்தில் பெண்டாட்டியைத் தொலைப்பார்கள். அதற்கெல்லாம் கூட்டம் என்று ஒரு சாக்கு இருக்கிறது. இரண்டே பேர் உட்காரக்கூடிய ஒரு மோட்டார் சைக்கிளில், ஆள் நடமாட்டமில்லாத சாலையில், பின்னால் இருந்த ஒருவரைத் தொலைப்பதற்குத் தனித் திறமை வேண்டும். தொலைத்த பிறகும், அவர் பின்னால்தான் இருக்கிறார் என்ற நம்பிக்கையில் நாலைந்து வளைவு வரைக்கும் பேசிக்கொண்டே போனேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பாதி அவமானத்தைச் சொல்லி மீதியை மறைப்பதில் லாபமில்லை.

இது எப்படி நடக்கும் என்று கேட்பவர்களுக்கு எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்களில் மாமியார் மருமகனோடு நேருக்கு நேர் நின்று பேசமாட்டார். பேசவே மாட்டார் என்று அர்த்தமில்லை. நடுவில் ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். மகள் இருந்தால் மகளிடம் சொல்வார். மகள் கொல்லைப் பக்கம் போயிருந்தால் பூனையிடம் சொல்வார். "இன்னும் ரெண்டு தோசை வச்சிக்கச் சொல்லு" என்று பூனையைப் பார்த்து அவர் சொல்ல, "போதும்னு சொல்லு" என்று நானும் பூனையைப் பார்த்துச் சொல்வேன். அந்தக் காலத்துக் காதலிகள் நண்டையும் நாரையையும் கூப்பிட்டுத் தூது சொன்னதாகப் படித்தபோது மற்றவர்கள் கற்பனை என்று வியந்தார்கள். எனக்கு வியப்பாக இல்லை. எங்கள் வீட்டில் அது தினசரி நடந்தது. காதல்தான் இல்லை, தோசை இருந்தது.

கல்யாணமாகி எட்டு வருஷம் ஆகியும் அவர் முகத்தை நான் முழுசாகப் பார்த்ததில்லை. பார்ப்பது மரியாதை இல்லை. அவர் வந்தால் நான் பேப்பரைத் தூக்கிப் பிடிப்பேன். நான் வந்தால் அவர் கதவுக்குப் பின்னால் போவார். மிகவும் சுமுகமான உறவு.

மோட்டார் சைக்கிளுக்கு வருகிறேன். கைபேசி எல்லாம் வராத காலம் அது. என்னிடம் இருந்தது பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி. கள்ளக்குறிச்சியில் வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு, அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு என்று ஓடிக்கொண்டிருந்தது. காலையில் உதைத்தால் உடனே கிளம்பாது. சோக் போட்டு, சாய்த்து, நிமிர்த்தி, கொஞ்சம் கெஞ்சி, எதிர்வீட்டுக்காரர் பல் விளக்கிக்கொண்டே வேடிக்கை பார்க்க, ஒருவழியாகக் கிளம்பும். கிளம்பியதும் அந்த வீட்டு வாசல் முழுக்கப் புகை மண்டும். வண்டிக்கு ஒரு பக்கம்தான் கண்ணாடி. பின்னால் வருவதைப் பார்க்கக் கொடுத்த அந்தக் கண்ணாடியை, என் தலைமுடி எனக்குத் தெரியும்படி திருப்பி வைத்திருந்தேன். அப்போது முடி இருந்தது.

இவ்வளவு இருந்தும், வண்டி ஓட்டுவதில் நான் ஒரு விற்பன்னன் என்று எனக்கு ஒரு எண்ணம். மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு வரும் பொதுவான வியாதி இது. சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஸ்பார்க் ப்ளக் ஒன்று எப்போதும் இருக்கும். யாராவது வண்டி மக்கர் பண்ணுகிறது என்று சொன்னால் போதும், "ப்ளக்கைக் கழட்டிப் பார்த்தீங்களா?" என்று ஆரம்பித்துவிடுவேன். கடிகாரம் ஓடவில்லை என்று சொன்ன ஒருவரிடமும் அப்படிக் கேட்டதாக அலுவலகத்தில் ஒரு வதந்தி உண்டு.

என் மச்சானுக்குக் கல்வராயன் மலைமேல் கரியாலூரில் பள்ளிக்கூட வேலை கிடைத்தது. அங்கே ஒரு வாடகை வீடு பிடித்திருந்தான். அம்மா வந்துதான் பால் காய்ச்ச வேண்டும் என்று சொல்லிவிட்டான். அதற்காக மாமியார் களமருதூரிலிருந்து முதல்நாளே எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஒரு பெரிய துணிப்பையில் அரிசி, பருப்பு, உப்பு, மஞ்சள், எல்லாவற்றுக்கும் மேலே திருஷ்டிக்கு ஒரு சாம்பல் பூசணிக்காய். எங்கள் பிள்ளைக்கு அன்று காய்ச்சல்; அதனால் என் மனைவி வரவில்லை. மாமியாரை விடியற்காலை பஸ்ஸில் ஏற்றிவிடுவதாக ஏற்பாடு. வண்டி கிளம்பாததால் பஸ் நிலையத்துக்கு நாங்கள் போய்ச் சேருவதற்குள் பஸ் போய்விட்டது. அடுத்த மலை பஸ்ஸுக்குக் காத்திருந்தால் நல்ல நேரம் தாண்டிவிடும். திரும்பி வந்து விஷயத்தைச் சொன்னேன்.

"நீங்களே வண்டில கொண்டுபோய் வுட்டுடுங்களேன்" என்றாள் மனைவி.

"மலைக்கா?"

"மலைக்குத்தான். டெய்லி மலையேறுற மாதிரி பேசுறீங்களே."

மெதுவான குரலில் என் உண்மையான சந்தேகத்தைக் கேட்டேன். "வழியில எதுன்னா வேணும்னா உங்கம்மா எப்படிக் கேப்பாங்க? நடுவுல யாரும் இல்லியே."

"கேப்பாங்க. நீங்க பேச்சைக் கொஞ்சம் கம்மி பண்ணிக்கினு போங்க."

கிளம்புவதற்கு முன் ப்ளக்கைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சுத்தம் செய்தேன். மலைக் குளிருக்காகச் சட்டைக்குள் நெஞ்சோடு ஒரு செய்தித்தாளை மடித்து வைத்துக்கொண்டேன். செய்தித்தாளால் மனிதனுக்கு நேரடிப் பலன் கிடைப்பது இந்த ஒரு விதத்தில்தான். மாமியார் ஒருக்களித்து உட்கார்ந்தார். என் தோளைப் பிடிக்கமாட்டார். பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டார். துணிப்பையை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்து, அவரே சீட்டோடு சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டினார். இரண்டு தேசங்களுக்கு நடுவில் எல்லைக்கல் நட்டது போல, பூசணிக்காய் பையிலிருந்து தலையை நீட்டிக்கொண்டு என் முதுகில் அழுத்தி உட்கார்ந்தது.

கச்சிராயபாளையம் வரை ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் கரும்பு, நடுவில் நாங்கள். அணையைத் தாண்டி மலைச்சாலை தொடங்கியது. முதல் சில வளைவுகளில் வண்டி இருமியது. பிறகு முனகியது. ஒரு கொண்டை ஊசி வளைவில் முதல் கியரில் கிடந்து, நடந்துபோகிற ஆள் முந்திப் போகும் வேகத்துக்கு வந்துவிட்டது. இரண்டு காலையும் தரையில் தேய்த்து உந்தினேன். மலை இறங்கி வந்துகொண்டிருந்த பனி எங்களைப் பார்ப்பதற்காக நின்றது போலிருந்தது. இனி நின்றுவிடும் என்று நினைத்த நொடியில் வண்டிக்கு எங்கிருந்தோ வீரம் வந்தது. துள்ளி ஒரு இழுப்பு இழுத்தது. வளைவு தாண்டி விறுவிறுவென்று ஏறியது.

"பார்த்தியா!" என்றேன் சாலையைப் பார்த்து. மாமியாருக்குச் சொல்ல வேண்டியதை நான் சாலையிடம்தான் சொல்லியாக வேண்டும். "ப்ளக்கைச் சுத்தம் பண்ணா எப்படி இழுக்குது பார்த்தியா! இதையே இன்னொருத்தனா இருந்தா மெக்கானிக்குக்குத் தண்டம் அழுதிருப்பான்."

பின்னாலிருந்து பதில் இல்லை. பதில் வராதது மரியாதை. ஆகவே தொடர்ந்தேன். பனி எப்படி உண்டாகிறது என்று சாலைக்கு விளக்கினேன். கடுக்காய் உடம்புக்கு எவ்வளவு நல்லது, ஆனாலும் ஏன் ஒருத்தரும் சாப்பிடுவதில்லை என்று ஆராய்ந்தேன். மச்சானுக்கு மலை ஊர் ஒத்துக்கொள்ளும், கவலைப்பட வேண்டாம் என்று ஒரு தாய் மனசுக்கு ஆறுதலாக இரண்டு வார்த்தை சொன்னேன். குரல் கூடக் கொஞ்சம் தழுதழுத்தது. முதுகில் ஆதரவாக அழுத்தம் இருந்துகொண்டே இருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு பொறுமையாக யாரும் நான் பேசியதைக் கேட்டதில்லை.

மேலே ஒரு டீக்கடை. குளிருக்கு ஒரு டீ குடித்தால் தேவலை என்று நிறுத்தினேன்.

"வாங்க சார். இன்னா, தனியாவா மலையேறி வந்துகினு இருக்கீங்க?" என்றார் கடைக்காரர்.

"தனியா எங்க? எங்க அத்தை பின்னால…" என்று திரும்பினேன்.

சாம்பல் பூசணிக்காய் என்னைப் பார்த்தது.

கடைக்காரரும் அதைப் பார்த்தார். "ரொம்ப கம்முனு இருக்காங்க சார், உங்க அத்தை" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, டீ ஆற்றுவதை நிறுத்தினார். "ஐயோ. நெஜமாவே யார்னா குந்திக்கினு வந்தாங்களா?"

கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் வளைவுகளும், வளைவுகளுக்குக் கீழே இருந்த பள்ளமும்தான். எந்த வளைவில்? எப்போது? அவர் விழுந்தபோது நான் எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன், பனியா கடுக்காயா? வயசான மனுஷி, வாய்விட்டுக் கத்தியிருந்தாலும் என் பேச்சில் கேட்டிருக்காது. கத்தியிருக்கவும் மாட்டார், மருமகனைப் பார்த்துக் கத்துவது வழக்கமில்லை. வீட்டில் போய் என்ன சொல்வேன்? "அம்மா எங்கே?" என்று கேட்டால், "வண்டி நல்லா இழுத்துச்சு" என்றா?

வண்டியைத் திருப்பினேன். பனி இறங்கிவிட்டிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தி, தடுப்புச் சுவரில் கைவைத்துக் கீழே எட்டிப் பார்த்தேன். வெள்ளையாக ஒன்றுமில்லாத ஒன்றுதான் தெரிந்தது. கீழேயிருந்து ஒரு ஜீப் முக்கிக்கொண்டு ஏறி வந்தது. உள்ளேயும் வெளியேயும் மேலேயும் ஆட்கள். கையைக் காட்டி நிறுத்தினேன்.

"வர்ற வழில ஒரு அம்மாவைப் பார்த்தீங்களா?"

"எந்த மாதிரி அம்மா?" என்றார் ஓட்டுநர்.

கையால் காற்றில் ஓர் உருவம் வரைந்து காட்டினேன்.

"பொடவை இன்னா கலரு?"

தெரியவில்லை.

"உசரமா, கட்டையா?"

"உட்கார்ந்துதான்… நான்… நடுத்தரமா இருப்பாங்க."

"பேரு?"

மாமியாரின் பெயரை மருமகன் வாயால் சொல்வதா? அந்த நேரத்திலும் நாக்கு எழவில்லை. "அத்தை" என்றேன்.

ஜீப்பின் பின்பக்கம் ஒரு அம்மாள் தலையை நீட்டினார். "மூஞ்சி எப்படி இருக்கும்னாச்சும் சொல்லு சாமி."

"பார்த்தா தெரியும்."

"பார்த்தா எல்லாருக்குந்தான் தெரியும். நீ எப்பப் பார்த்த?" என்றார் அவர். இன்னொருவர், "சண்டைகிண்டை போட்டு எறக்கிவுட்டியா?" என்று விசாரித்தார். சாலையில் யாரையும் பார்க்கவில்லை என்று ஓட்டுநர் உறுதியாகச் சொன்னார். சாலையில் இல்லை என்றால் எங்கே இருப்பார் என்பது அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். போகும்போது அவர் ஹாரன் கூட அடிக்கவில்லை.

வண்டி முனகிய அந்தக் கொண்டை ஊசி வளைவுக்கு வந்தேன். கீழே, புதருக்கு அந்தப் பக்கம், சிவப்பாக ஒரு துணி தெரிந்தது. புடவை. வண்டியைச் சாய்த்துப் போட்டுவிட்டுச் சரிவில் உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கினேன். முள் கிழித்தது தெரியவில்லை. பக்கத்தில் போனதும்தான் தெரிந்தது, மரத்தில் யாரோ வேண்டுதலுக்குக் கட்டிவிட்ட துணி. அந்த மரத்தில் குடியிருந்த சாமி எது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். சாமி விஷயத்தில் நான் பலவிதமான கருத்துகள் உள்ளவன். அந்தச் சமயத்தில் ஒன்று கூட ஞாபகம் வரவில்லை.

மறுபடி சாலைக்கு ஏறி வந்து, அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தேன். "அத்தே!" என்று கத்தினேன். எட்டு வருஷத்தில் அவரை நேராகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மலை அதைத் திருப்பிச் சொன்னது. மலைக்கும் அவர் அத்தை முறை போலிருக்கிறது. "அத்தே! அத்தே!"

மலை ஓய்ந்ததும் பனிக்குள்ளிருந்து, எனக்கு மேலே இருந்த வளைவிலிருந்து, ஒரு குரல் கேட்டது.

"ஏ கொரங்கே, நான் இங்கதான் குந்திக்கினு இருக்கேன். கத்தாம மெதுவா வரச் சொல்லு."

ஏறி ஓடினேன். வண்டியை மறந்துவிட்டேன். தடுப்புச் சுவரின் மேல், முந்தானையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, வெற்றிலை மென்றபடி என் மாமியார் உட்கார்ந்திருந்தார். புடவை கத்தரிப்பூ நிறம். அதே சுவரில் கொஞ்சம் தள்ளி ஒரு குரங்கு, தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட வேலை என்னவென்று புரியாமல் எங்களை மாறி மாறிப் பார்த்தது.

எனக்கு மூச்சு வாங்கியது. எதிர்ப்பக்கம் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தேன். கேட்பதற்கு ஆயிரம் இருந்தது. குரங்கைப் பார்த்துக் கேட்டேன்.

"அடி எதுவும் படலியே?"

"எதுக்கு அடிபடும்?" என்றார் அவர், குரங்கிடம். "வண்டி முக்குச்சு. எறங்கிக்கினேன். மேட்டுல வண்டி இழுக்க முடியாம கிடக்கறப்ப யார்னா குந்திக்கினு வருவாங்களா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் பிறந்து வளர்ந்தது மாட்டு வண்டியில். மேடு வந்தால் வண்டியில் இருப்பவர்கள் யாரும் சொல்லாமலே இறங்கிவிடுவார்கள். மாட்டுக்குப் பாரம் குறைய வேண்டும், அது மரியாதை. மேடு முடிந்ததும் ஏறிக்கொள்வார்கள். அவருக்கு மோட்டார் சைக்கிளும் ஒரு வண்டிதான். அது முனகியது, இறங்கினார். பையை மட்டும் விட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல், சறுக்கி இறங்கிவிட்டார். யாரிடம் சொல்வது? நடுவில் ஆளில்லையே. சாலையில் நடந்தால் சுற்று என்று, பக்கத்தில் தெரிந்த ஒற்றையடிப் பாதையில் குறுக்கே ஏறி வந்திருக்கிறார். நான் சாலை வழியாக அவரைத் தேடிக் கீழே போனபோது அவர் புதருக்குள் மேலே போய்க்கொண்டிருந்திருக்கிறார். வண்டி திடீரென்று துள்ளி இழுத்ததற்கும் இப்போது காரணம் தெரிந்தது. சட்டைப் பையில் இருந்த ப்ளக்கை நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"பையி பத்திரமா இருக்குதான்னு கேளு" என்றார் குரங்கிடம்.

"இருக்கு. கீழ வண்டில இருக்கு."

"அப்பாடா" என்றார். அவருக்கும் அந்தக் காலையில் ஒரு கவலை இருந்திருக்கிறது. பூசணிக்காய் தொலைந்துவிட்டதோ என்று.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. அது முழுக்கச் சிரிப்பால் வந்த தண்ணீர் என்று சொல்லமாட்டேன். குரங்கு பயந்துபோய் மரத்துக்குத் தாவியது. அதன் பிறகு எங்களுக்கு நடுவில் யாரும் இல்லை. இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டோம்.

மீதி மலையை நாங்கள் ஏறியது போல நிம்மதியாக நான் வேறெங்கும் போனதில்லை. வண்டி முனகினால் அவர் இறங்கிவிடுவார். நான் வளைவுக்கு மேலே போய் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருப்பேன். பனிக்குள் ஒன்றும் தெரியாது. முதலில் வளையல் சத்தம் வரும். பிறகு வெற்றிலை வாசனை. பிறகு கத்தரிப்பூ நிறம். ஒவ்வொரு தடவையும் எனக்கு அப்பாடா என்றிருக்கும். சில வளைவுகளில் குறுக்குப் பாதையில் அவர் எனக்கு முன்னால் போய்ச் சுவரில் உட்கார்ந்திருப்பார்; ஏற்றிக்கொள்ள நான் போய்ச் சேருவேன். டீக்கடையைத் தாண்டும்போது கடைக்காரர் வெளியே வந்து, பின்னால் ஆள் இருப்பதைப் பார்த்துவிட்டு, இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். வண்டியின் கண்ணாடியை நான் அதற்குள் திருப்பிவிட்டிருந்தேன். அதில் அவர் தெரிந்தார். என் தலைமுடி அன்றிலிருந்து எனக்குத் தெரியவில்லை, அது எப்போது கொட்டியது என்பதும்.

நல்ல நேரம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்தோம். பால் பொங்கியது. பூசணிக்காய் வாசலில் தொங்கியது. மச்சான் என் முதுகைத் தட்டி, "இன்னா மாமா, சட்டையெல்லாம் ஒரே வெள்ளையா இருக்குது?" என்று பூசணிக்காயின் சாம்பலை உதறினான். "ஏன் இவ்ளோ லேட்டு?" என்றும் கேட்டான். நான் தொண்டையைக் கனைத்தேன். அதற்குள் மாமியார் அடுப்பைப் பார்த்து, "பனி ஜாஸ்தி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. எட்டு வருஷ மௌனத்தின் அருமை எனக்கு அப்போது புரிந்தது. என் மனசிலிருந்த கடைசிப் பாரமும் இறங்கியது. சாயந்திரம் மலையிறங்கி வந்தபோது பாடக்கூடச் செய்தேன்.

நாலைந்து நாள் கழித்து, ஊர் திரும்பும் வழியில் அவர் பஸ்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் கூடத்தில் பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். சமையலறையில் தாயும் மகளும். என் மனைவிக்கு என் ஓட்டும் திறமையில் திடீரென்று அக்கறை வந்துவிட்டது.

"யம்மா, மலையேறுனப்ப வண்டி எப்படிம்மா போச்சு? ப்ளக்கைத் தொடச்சதுல பறந்துச்சுன்னு சொல்லிக்கினு இருக்காரு."

அடுப்பங்கரை ஜன்னலில் பூனை உட்கார்ந்திருந்தது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. மாமியார் மகளை விட்டுவிட்டுப் பூனையின் பக்கம் திரும்பி, கூடத்துக்குக் கேட்கும்படி நிதானமாகச் சொன்னார்:

"மாடா இருந்தா, மேடு ஏறுனதும் தானா நின்னுருக்கும்."